‘கொன்னுடுவேன்’ என்று சொன்ன பிறகு: கவுண்டி பிராசிக்யூட்டர் அலுவலகத்தில் என்ன நடக்கிறது?

இரவு 11 மணிக்கு மேல் எனக்கு வரும் தமிழ் அழைப்புகளில் பெரும்பாலானவை ஒரே கேள்வியில்தான் வந்து நிற்கும். “சார், அவளே கேஸை வாபஸ் வாங்கிக்கிறேன்னு சொல்றா. காலைல ஸ்டேஷன்ல எழுதிக் கொடுத்துட்டா விட்டுடுவாங்கல்ல?”

விடமாட்டார்கள். நியூ ஜெர்சியில் குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காக வாதாடுவது என் தொழில். இந்தப் பதிலைச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய்த்தான் இதை எழுத உட்கார்ந்தேன். வழக்கின் தலைப்பிலேயே ‘ஸ்டேட் ஆஃப் நியூ ஜெர்சி எதிர் இன்னார்’ என்று இருக்கும். புகார் கொடுத்த மனைவி அதில் ஒரு சாட்சி, அவ்வளவுதான். வழக்கு அரசுடையது. சட்டப்படி பார்த்தால் ஊரிலும் அப்படித்தான். ஆனால் அங்கே ஸ்டேஷனில் பெஞ்சில் உட்கார்ந்து பேசி முடித்த கதைகளைக் கேட்டே வளர்ந்திருக்கிறோம், அதனால் இங்கே அது நடக்காது என்பதை மனசு ஏற்க நாளாகிறது.

கேஸை நடத்துவதா, குறைப்பதா, கைவிடுவதா என்று முடிவெடுக்கும் இடம் கவுண்டி பிராசிக்யூட்டர் அலுவலகம். கவுண்டி என்பது நம்மூர் மாவட்டம் மாதிரி, பிராசிக்யூட்டர் என்பவர் அதன் அரசுத் தரப்பு வழக்கறிஞர். எடிசன் பக்கம் இருப்பவர்களுக்கு அது நியூ பிரன்ஸ்விக்கில் இருக்கிறது. கோர்ட்டைத் தெரியும், போலீஸைத் தெரியும். நடுவில் இருக்கும் இந்த அலுவலகத்தைப் பற்றித்தான் நம்மவர்கள் யாரும் கேட்பதில்லை.

ஒரு வழக்கைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை இரவு கணவன் மனைவி சண்டை. கணவர் கத்தினார்: “இன்னொரு தடவை எங்கம்மாவப் பத்திப் பேசினே, கொன்னுடுவேன்.” மனைவி அவசர உதவி எண்ணான 911-ஐ அழைத்தார். நன்றாக ஆங்கிலம் பேசுகிற பெண்தான், பதற்றத்தில் தமிழ் மட்டும் வந்தது. தொலைபேசி மொழிபெயர்ப்பாளர் சொல்லுக்குச் சொல் மாற்றினார்: இன்னொரு முறை பேசினால் கொலை செய்வேன் என்கிறார். கொலை மிரட்டல் நியூ ஜெர்சியில் மூன்றாம் நிலைக் குற்றம், 3 முதல் 5 வருடம் வரை சிறை. மனைவியின் முழங்கையில் ஒரு கீறலும் இருந்தது. குடும்ப வன்முறையில் காயத்தின் அடையாளம் தெரிந்தால் போலீஸ் கைது செய்தே ஆக வேண்டும். அவர்களுக்கு வேறு வழி கிடையாது.

அன்றிரவு கணவரின் அண்ணன் என்னிடம் கேட்டது, “எத்தனை டாலர் கட்டணும்?” பணம் கட்டி வெளியே வரும் ஜாமீன் 2017 ஜனவரி 1 முதல் இங்கே அநேகமாக இல்லாமலே போய்விட்டது. சிறைக்குக் கொண்டுபோன 48 மணி நேரத்துக்குள் நீதிபதி முடிவு சொல்ல வேண்டும். இவரை உள்ளேயே வைத்திருக்க வேண்டும் என்று பிராசிக்யூட்டர் தனியாக மனு போட்டால் அதற்கு ஒரு விசாரணை நடக்கும். மனு போடாவிட்டால் நிபந்தனைகளோடு வெளியே வந்துவிடலாம். ஆக, வாரக்கடைசியில் ஒரு இளம் உதவி பிராசிக்யூட்டர் கோப்பைப் புரட்டி எடுக்கும் முடிவில்தான், திங்கள்கிழமை இவர் வேலைக்குப் போவாரா இல்லையா என்பதே இருக்கிறது. மனு போடவில்லை. வந்தார்.

அதற்குள் அண்ணன் ஒரு காரியம் செய்திருந்தார். மனைவிக்கு நாலு முறை போன். “குடும்ப மானம், விசா, குழந்தை, எல்லாத்தையும் யோசிச்சுப் பாரும்மா. ஒண்ணுமே நடக்கலன்னு சொல்லிடு.” நம்மூரில் இதற்குப் பெயர் சமாதானம். இங்கே சாட்சியைக் கலைப்பது, தனிக் குற்றம், அதுவும் சிறைக்குப் போகிற அளவுக்கு. ‘தொடர்பு கொள்ளக் கூடாது’ என்ற உத்தரவு இருக்கும்போது கணவர் அண்ணன் மூலமாகப் பேசினாலும் உத்தரவை மீறியதுதான். தயவுசெய்து யாரும் சமாதானம் பேசப் போகாதீர்கள். சித்தப்பாவும் வேண்டாம், சங்கத் தலைவரும் வேண்டாம்.

நல்லவேளை, விஷயம் அதற்கு மேல் போகவில்லை. பிராசிக்யூட்டர் அலுவலகங்களில் வழக்குகளை ஆரம்பத்திலேயே சலித்துப் பார்க்கும் பிரிவு உண்டு. அங்கிருந்தவர் 911 பதிவை வேறொரு தமிழ் மொழிபெயர்ப்பாளரை வைத்துத் திரும்பக் கேட்டார். மனைவியைத் தனியாகக் கூப்பிட்டார்கள். பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவ ஒவ்வொரு கவுண்டி அலுவலகத்திலும் ஒரு பிரிவு இருக்கிறது, அதன் ஊழியர் கூடவே உட்கார்ந்திருந்தார். பழைய அழைப்புகள் இல்லை, பழைய காயங்கள் இல்லை. அந்தச் சொல் எங்கள் வீட்டில் மிளகாய் பஜ்ஜிக்குக்கூடச் சொல்லப்படும் சொல் என்று மனைவியே விளக்கினார். குற்றச்சாட்டு சாதாரணத் தொந்தரவு அளவுக்கு இறங்கியது. பேப்பரில் யாரும் எழுதாத, எந்த ஜூரியும் பார்க்காத வேலை. என்னைக் கேட்டால் அந்த அலுவலகம் அந்த வருடம் செய்த உருப்படியான வேலைகளில் இதுவும் ஒன்று.

இதைப் படித்துவிட்டு ‘பார்த்தீங்களா, எல்லாமே சும்மா சொல்றதுதான்’ என்று யாராவது கிளம்பினால், இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதே மாதிரி ஒரு வழக்கில் மனைவி வாபஸ் என்றார், அலுவலகம் மறுத்தது. நான் கோபமாகக் கடிதமெல்லாம் எழுதினேன். அப்புறம் அவர்கள் கொடுத்த ஆவணங்களில் இரண்டு வருடக் காயங்களின் புகைப்படங்கள் இருந்தன. பக்கத்து வீட்டுக்காரர் வாக்குமூலமும் இருந்தது. அந்தப் பெண் வாபஸ் என்று சொன்னது யாருடைய வாயால் என்பது எனக்குப் புரிந்துவிட்டது. என் கட்சிக்காரருக்காகக் கடைசிவரை வாதாடினேன், அது என் கடமை. ஆனால் கேஸ் அவள் கையில் இல்லாததால்தான் அவளை யாராலும் நெருக்க முடியவில்லை.

சரி, இந்த பிராசிக்யூட்டர் யார்? அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள், சில இடங்களில் டிஸ்ட்ரிக்ட் அட்டர்னி என்பார்கள். நியூ ஜெர்சியில் அப்படியில்லை. 21 கவுண்டிகளுக்கும் ஆளுநர் நியமிக்கிறார், மாநில செனட் ஒப்புதல் தர வேண்டும், பதவிக்காலம் 5 வருடம். ஒப்புதல் இழுபறியானால் ‘பொறுப்பு’ என்ற அடைமொழியோடே ஒருவர் வருடக்கணக்கில் உட்கார்ந்திருப்பதும் உண்டு. மேலே மாநில அட்டர்னி ஜெனரல், தேவைப்பட்டால் ஒரு அலுவலகத்தையே தன் கையில் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் சம்பளமும் செலவும் கவுண்டியின் பணம். எஜமான் மாநிலத் தலைநகரான டிரென்டனில், கஜானா உள்ளூரில். போதிய ஆள் வேண்டும் என்று பிராசிக்யூட்டரே நீதிபதியிடம் போய் நிற்க சட்டத்தில் வழி இருக்கிறது. அப்படி ஒரு வழக்கை நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் 1969-லேயே பார்த்துவிட்டது.

இந்த அலுவலகங்கள் நன்றாக வேலை செய்கின்றனவா என்று கேட்டால், எத்தனை பேருக்குத் தண்டனை வாங்கிக் கொடுத்தார்கள் என்ற கணக்கைத்தான் எல்லோரும் நீட்டுவார்கள். எனக்கு அந்தக் கணக்கில் நம்பிக்கை இல்லை. மாநில நீதிமன்றங்களில் வரும் தண்டனைகளில் 94 சதவீதம் ‘ப்ளீ’, அதாவது குற்றத்தை ஒப்புக்கொண்டு பேரம் பேசி முடிப்பதால் வருபவை. 2012-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே எடுத்துக்காட்டிய எண் அது. பேரத்தில் எந்தக் குற்றச்சாட்டை மேசையில் வைப்பது என்று முடிவு செய்வதும் பிராசிக்யூட்டர்தான். பெரிதாகச் சாட்டி, பயமுறுத்தி, சிறிதாக ஒப்புக்கொள்ள வைத்தாலும் கணக்கில் அது வெற்றிதான். பிராசிக்யூட்டரின் வேலை ஜெயிப்பதல்ல, நியாயம் நடக்கச் செய்வது என்று அதே நீதிமன்றம் 1935-இல் எழுதியிருக்கிறது. அதை எந்தக் கணக்கில் காட்டுவது?

2010-இல் ரட்கர்ஸ் பல்கலைக்கழக விடுதியில் அறைத்தோழரை வெப்கேமில் பார்த்ததாக ஒரு மாணவர் மேல் வந்த வழக்கு பலருக்கு நினைவிருக்கும். அந்த அறைத்தோழர் சில நாட்களில் உயிரை மாய்த்துக்கொண்டார், அந்த மரணத்துக்காக இவர் மேல் குற்றம் சாட்டப்படவில்லை. இந்தியாவில் பிறந்து இங்கே வளர்ந்த பையன், குடியுரிமை இல்லாதவர். மிடில்செக்ஸ் கவுண்டி பிராசிக்யூட்டர் அலுவலகம் முன்வைத்த பேரம்: சிறை இல்லை, 600 மணி நேரச் சமூக சேவை, நாடு கடத்தப்படாமல் இருக்க உதவி. அவர் மறுத்தார். 2012 மார்ச்சில் ஜூரி 15 குற்றச்சாட்டுகளிலும் குற்றவாளி என்றது. 10 வருடம் வரை போயிருக்கக்கூடிய வழக்கில் நீதிபதி கொடுத்தது 30 நாள். 2016-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. கடைசியில் ஒரே ஒரு குற்றத்தை, அதையும் ‘முயற்சி’ என்ற அளவில், ஒப்புக்கொண்டு முடிந்தது. 2012 கணக்குப் புத்தகத்தில் இது அலுவலகத்துக்குப் பெரிய வெற்றி. 2016-இல் என்னவென்று எழுதியிருப்பார்கள்?

நான் பார்ப்பது வேறு விஷயங்கள். போலீஸாரின் உடல் கேமரா பதிவுகள் கேட்டவுடன் வருகின்றனவா? என் எதிரே நிற்கும் உதவி பிராசிக்யூட்டர் தானே முடிவெடுக்க முடிகிறவரா, ஒவ்வொன்றுக்கும் ‘மேலே கேட்டுச் சொல்றேன்’ என்பவரா? ஒரு கவுண்டியில், பெயர் வேண்டாம், ஒரே வழக்கில் எனக்கு மூன்று உதவி பிராசிக்யூட்டர்கள் மாறினார்கள். ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து கதை சொன்னேன். மூன்றாமவர் வந்தபோது, என்னிடம் தரவே இல்லாத ஒரு வீடியோ அவர் கோப்பில் முதல் நாளிலிருந்தே இருந்தது தெரிந்தது. என் கட்சிக்காரருக்குச் சாதகமான வீடியோ. அதைக் கட்டாயம் தந்தாக வேண்டும் என்பது 1963-லிருந்து சட்டம். வேண்டுமென்று ஒளித்தார்கள் என்று நான் சொல்லமாட்டேன். கோப்பை யாரும் முழுசாகப் படிக்கவில்லை. ஒரு வருடம் வேலையில்லாமல் இருந்த என் கட்சிக்காரருக்கு அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியவில்லை.

கடைசியாக ஒரு விஷயம். இதில் நம்மவர்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள். கடையில் நாமே ஸ்கேன் செய்து பணம் கட்டும் செல்ஃப் செக்கவுட்டில் நாலு பொருள் ஸ்கேன் ஆகாமல் பைக்குள் போகிறது. 200 டாலருக்குக் கீழே என்றால் வழக்கு உங்கள் ஊர் முனிசிபல் கோர்ட்டுக்கு. 200-ஐத் தொட்டால் கவுண்டிக்கு. கவுண்டி அலுவலகம் இரக்கப்பட்டுக் குற்றத்தைக் குறைத்து முனிசிபல் கோர்ட்டுக்கே திருப்பி அனுப்பினால் எல்லோரும் சந்தோஷப்படுவார்கள். குடியுரிமை உள்ளவர் என்றால் நானும் சந்தோஷப்படுவேன். ஹெச்-1பி வேலை விசா அல்லது கிரீன் கார்டு என்றால் யோசிப்பேன். முனிசிபல் கோர்ட்டில் முதல் தவறுக்கு ஒரு வருடத்தில் வழக்கைத் தள்ளுபடி செய்யும் திட்டம் இருக்கிறது, ஆனால் அதில் சேர முதலில் குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு வருடம் கழித்து நியூ ஜெர்சி அதை மறந்துவிடும், குடிவரவுத் துறை மறக்காது. அவர்கள் பார்வையில் அந்த ஒப்புதலே தண்டனைதான். கவுண்டியில் இருக்கும் பிடிஐ (விசாரணைக்குப் போகாமலே, நிபந்தனைகளை முடித்தால் வழக்கைத் தள்ளுபடி செய்யும்) திட்டத்தில் பெரும்பாலான சிறு குற்றங்களுக்கு அந்த ஒப்புதல் தேவையில்லை. வாழ்நாளில் ஒரே முறைதான் கிடைக்கும், பிராசிக்யூட்டர் சம்மதிக்க வேண்டும், மறுத்தால் நீதிபதிகூட லேசில் தலையிடமாட்டார்.

போன வருடம் ஒரு அம்மாவுக்காக அந்த அலுவலகத்தில் போய் உட்கார்ந்து, “தயவுசெய்து குற்றத்தைக் குறைக்காதீர்கள்” என்று கேட்டேன். உதவி பிராசிக்யூட்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். விளக்கினேன். இரண்டு நாள் டைம் கேட்டார், பிடிஐக்குச் சம்மதித்தார். விசா படிவத்தில் ‘எப்போதாவது கைதானதுண்டா’ என்ற கேள்வி வந்தால், அழிக்கப்பட்ட வழக்காக இருந்தாலும் ‘ஆம்’ என்றுதான் எழுத வேண்டும் என்று அந்த அம்மாவுக்கு இன்னும் போனில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.