பார்த்துக் கற்றல்: சொல் விளக்கம்

மொரீஷியஸில் உளவியல் படிப்பவருக்கு இந்தக் கருத்து 'அப்சர்வேஷனல் லேர்னிங்' என்றோ, பிரெஞ்சில் 'அப்ரான்திசாஜ் பார் ஒப்செர்வாசியோன்' என்றோதான் அறிமுகமாகும். பிறர் செய்வதைப் பார்த்தே ஒரு நடத்தையைக் கற்றுக்கொள்வது என்பது பொருள். தமிழில் போலச்செய்தல், பின்பற்றல், பாவனை, உற்றுநோக்கிக் கற்றல் என்று பல பெயர்கள் புழங்குகின்றன. எல்லாவற்றையும் ஒரே பொருளில் பாவிக்க முடியாது.

கருத்தைப் பெரிதாக வளர்த்தவர் ஆல்பர்ட் பண்டூரா (1925–2021). கனடாவில் பிறந்து, அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் பணிபுரிந்தவர். 1961இல் வெளியான ஆய்வில் 72 குழந்தைகள். பெரியவர் ஒருவர் 'போபோ' என்ற காற்றடைத்த பொம்மையை அடித்து உதைப்பதைச் சிலர் பார்த்தார்கள். பிறகு அந்தப் பெரியவர் இல்லாத அறையில் பொம்மையோடு விட்டதும் அவர்களில் பலர் அதே அடி, அதே உதை, அதே வசவு. சரி, இது போலச்செய்தல்தானே என்று தோன்றும். 1965இல் அவர் செய்தது வேறு. அடித்தவருக்குத் தண்டனை கிடைப்பதாகப் படத்தில் பார்த்த குழந்தைகள், பாராட்டு கிடைப்பதாகப் பார்த்தவர்கள் அளவுக்கு அடிக்கவில்லை. அப்புறம், "பார்த்ததைச் செய்துகாட்டு, பரிசு உண்டு" என்றதும், பாராட்டைப் பார்த்த குழந்தைகளுக்குச் சமமாக இவர்களும் செய்துகாட்டினார்கள். அதாவது கற்றல் ஏற்கெனவே நடந்துவிட்டது, செயல்தான் வெளியே வரவில்லை. கவனித்தல், நினைவில் வைத்தல், உடலால் செய்யமுடிதல், செய்யும் ஊக்கம் என்று பண்டூரா இந்தக் கற்றலை நான்காகப் பிரித்ததும் இதனால்தான். ஆகவே போலச்செய்தல், பின்பற்றல் இரண்டும் செயல் என்ற பாதிக்கே பெயர்.

நம் தைப்பூசக் காவடியைப் பாருங்கள். மொரீஷியஸின் காத்ர் போர்ன் ஊரில் கோர் த கார்த் மலைக்கோவிலுக்குப் போகும் ஊர்வலத்தில் சும்மா கூட வரும் பிள்ளைக்கு யாரும் பாடம் நடத்துவதில்லை. வீட்டில் பேசுவது கிரியோல் மொழி, பாட்டுத்தாளில் இருப்பது ரோமன் எழுத்துத் தமிழ். ஆண்டுக்கணக்கில் ஒரு காவடியும் தூக்காமல் பார்த்துக்கொண்டே வருவான். தூக்கும் ஆண்டில் தோளை எப்படிச் சாய்ப்பது, எந்த இடத்தில் 'வேல் வேல்' என்பது என்று அவனுக்குத் தெரிந்திருக்கும். கற்றது எந்த ஆண்டு என்று கேட்டால் அவனாலேயே சொல்ல முடியாது.

'பாவனை' பழைய சொல், வடமொழி 'பாவனா'விலிருந்து வந்தது. கான மயிலைக் கண்ட வான்கோழி "தானும் அதுவாகப் பாவித்து" ஆடியதை மூதுரை சொல்கிறது. ஆனால் அங்கே ஏளனம் ஏறிவிட்டது. தவிர, ஈழத்தமிழில் பாவித்தல் என்றால் பயன்படுத்தல்; மேலே நானும் அப்படித்தான் எழுதினேன். அறிவியல் சொல்லுக்கு இந்தக் குழப்பம் தேவையில்லை. குரங்கை வைத்து நையாண்டி செய்யும் பிரெஞ்சு 'சேன்ஜே'யும் இதே ஜாதி.

'உற்றுநோக்கிக் கற்றல்' தமிழ்நாட்டுப் பாடநூல் தமிழ். குறை ஒன்றுதான்: உற்றுநோக்குவது முயன்று செய்வது. பிள்ளைகளோ உற்றுநோக்காமலேயே அள்ளிக்கொள்கிறார்கள், அதிலும் நாம் மறைக்க நினைப்பவற்றை. 'பார்த்துக் கற்றல்' எளிது, இரண்டையும் அடக்கும். என் வாக்கு இதற்கே.

இன்னொரு சிக்கல் 'மாடல்', அதாவது யாரைப் பார்த்துக் கற்கிறோமோ அவர். இதை 'முன்மாதிரி' என்று பெயர்ப்பது வழக்கம். லத்தீனில் 'மோதுஸ்' என்றால் அளவு. அதிலிருந்து இத்தாலிய 'மொதெல்லோ', பிரெஞ்சு 'மொதேல்'. நல்லவர் என்ற பொருள் அதில் இல்லை. முன்மாதிரி என்றாலோ நமக்கு காந்தி நினைவு வரும், பொம்மையை உதைக்கிறவர் வரமாட்டார். பண்டூராவின் மாடல் இருவகையிலும் இருக்கலாம். ஆகவே வெறும் 'மாதிரி' போதும். 'ரோல் மாடல்' வரும் இடத்தில் மட்டும் முன்மாதிரியை வைத்துக்கொள்ளலாம். அடுத்தவர் பெறும் பரிசோ தண்டனையோ நம் நடத்தையை மாற்றுவதை 'பிறர்வழி வலுவூட்டல்' என்கிறார்கள். வலுவூட்டல் என்றால் நடத்தையைக் கூட்டுவது; தண்டனைக்கு அது பொருந்தாது, அதனால் 'பிறர்வழி விளைவு' என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.