மூன்று ரிப்போர்ட், மூன்று பெயர்

"மேடம், ஸ்கேன்ல கணையக் கேன்சர்னு இருக்கு. எண்டோஸ்கோபி டாக்டர் பித்தக்குழாய்னாரு. ஆபரேஷனுக்கு அப்புறம் நீங்க வேற பேரு போட்டிருக்கீங்க. யாரு சொல்றது பொய்?"

போன வாரம் லேப் வாசலில் ஒரு மகன் கேட்டது. வெட்டி எடுத்த திசுவைச் சோதித்து ரிப்போர்ட் எழுதும் பேத்தாலஜிஸ்ட் நான். இந்த வருடத்தில் இது நாலாவது முறை. அவர் கோபம் நியாயம்தான். "கணையம்" என்ற சொல்லைக் கேட்டதுமே உறவினர்கள், "இனி எதுக்கு அலைச்சல், வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடு" என்றார்களாம்.

கல்லீரலிலிருந்து வரும் பித்தக்குழாய் கணையத்தின் தலைக்குள் புகுந்து, கணையக்குழாயோடு சேர்ந்து, முன்சிறுகுடலில் மொட்டு போன்ற ஒரு வாயில் திறக்கிறது. 1720-இல் அதை விவரித்த ஆபிரகாம் ஃபாட்டர் (Vater) என்ற ஜெர்மானியரின் பெயரால் அது 'ஆம்புல்லா ஆஃப் வாட்டர்'. (ரிப்போர்ட்டில் 'வாட்டர்' என்று பார்த்து, "நீர்க்கட்டிதானே" என்று நிம்மதியாகப் போய், மூன்று மாதம் கழித்து வந்தவரும் உண்டு.)

அந்த வாயைச் சுற்றி இரண்டு சென்டிமீட்டருக்குள் நாலு இடங்களில் புற்று தொடங்கலாம்: கணையத் தலை, பித்தக்குழாயின் கடைசிப் பகுதி, ஆம்புல்லா, சிறுகுடல் சுவர். பெரும்பாலும் எல்லாம் காமாலையோடுதான் வரும். ஆபரேஷனும் பெரும்பாலும் ஒன்றேதான்: கணையத் தலை, முன்சிறுகுடல், பித்தக்குழாயின் கடைசிப் பகுதி எல்லாவற்றையும் சேர்த்து எடுக்கும் விப்பிள். ஆனால் கணையத்தில் தொடங்கியதில் ஐந்தில் ஒருவருக்குத்தான், சில சமயம் அதற்கும் குறைவாகத்தான், ஆபரேஷன் செய்யும் நிலையில் தெரியவரும். ஆம்புல்லாவில் தொடங்கியது வாசலையே அடைப்பதால், சின்னதாக இருக்கும்போதே காமாலை வந்து காட்டிக்கொடுத்துவிடும். பெரும்பாலோருக்கு ஆபரேஷன் செய்ய முடியும், அதன் பிறகு வாழும் காலமும் கூடுதல்.

"பயாப்ஸி எடுத்தாச்சே மேடம், அதிலேயே எந்த உறுப்புன்னு தெரியாதா?"

தெரியாது. பித்தக்குழாயின் உள்தோலும் கணையக்குழாயின் உள்தோலும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். இரண்டிலும் வரும் அடினோகார்சினோமா (சுரப்பித் திசுவில் வரும் புற்று) மைக்ரோஸ்கோப்பில் ஒரே ஜாடையில் இருக்கும். செல்லில் இருக்கும் புரதத்தைக் காட்டும் சாயங்கள் உண்டு; அதில் சிகே 7 இரண்டிலும் பிடிக்கும். சிகே 20, சிடிஎக்ஸ் 2 பிடித்தால் குடல் வகை என்று சொல்லலாம், கீமோ முடிவு செய்யும்போது அது உதவும். ஆனால் அது புற்றின் குணம், விலாசம் ஆகாது. ஆம்புல்லாவிலேயே குடல் வகையும் வரும், கணைய-பித்த வகையும் வரும். புற்றைத் தேட ரத்தத்தில் பார்க்கும் சிஏ 19-9? பித்தம் அடைத்தாலே ஏறும், புற்றே இல்லாவிட்டாலும்.

விலாசம் தெரிய வெட்டி எடுத்த உறுப்பு முழுசாக என் மேஜைக்கு வரவேண்டும். குழாய்களுக்குள் மெல்லிய கம்பியை விட்டு, அதன் வழியே திறந்து, கட்டியின் நடு எங்கே என்று கண்ணால் பார்க்கிறோம். மைக்ரோஸ்கோப் அதற்கு அப்புறம்தான். ஸ்கேன் டாக்டர் பார்த்தது நிழல், எண்டோஸ்கோபி டாக்டர் பார்த்தது அடைப்பு. யாரும் பொய் சொல்லவில்லை. கட்டி அக்கம்பக்கத்தையெல்லாம் விழுங்கியிருந்தால் நானும் கையை விரிக்க வேண்டியதுதான். (தியேட்டரிலேயே ஆர்வம் தாங்காமல் குறுக்கே வெட்டிப் பார்த்துவிட்டு அனுப்பும் சர்ஜன் நண்பர்களே, அந்த நடுவை நான் எங்கே போய்த் தேட?)

இதைவிட ஆபத்தானது 'பயாப்ஸி நெகடிவ்' என்று இனிப்பு வாங்கிக்கொடுப்பது. மொட்டின் மேலே கிள்ளிய துணுக்கில் சாதாரண அடினோமா (இன்னும் புற்றாகாத கட்டி) இருக்கும், புற்று அடியில் ஒளிந்திருக்கும். அந்தத் துணுக்கில் இல்லை, அவ்வளவுதான் அர்த்தம். தலைகீழாகவும் நடக்கும்: உடலின் எதிர்ப்புச் சக்தியே தாக்குவதால் வரும் ஐஜிஜி 4 வகைக் கணைய அழற்சி புற்றுக்கட்டி போலவே தோன்றி, ஸ்டீராய்டில் கரைந்துவிடும். ஒற்றைத் தாளை வைத்துக்கொண்டு வீட்டில் தீர்ப்பு எழுதாதீர்கள்.

வலியில்லாத காமாலை, அரிப்பு, வெளிறிய மலம், எடைக் குறைவு என்றால் கீழாநெல்லி வேண்டாம், பத்தியம் வேண்டாம், நேராக ஸ்கேன். "சாறு குடிச்சதும் கண்ணு வெளுத்துச்சே!" ஆம்புல்லாக் கட்டி உதிரும்போது அடைப்பு தானாகவே கொஞ்சம் திறக்கும். நல்ல பெயர் இலைக்குப் போகும், நாள் நோயாளிக்குப் போகும்.

ஸ்டென்ட் (அடைப்பைத் திறந்துவைக்கும் சின்னக் குழாய்) வைக்கும் முன் கணையத்துக்கான சிடி எடுத்தாயிற்றா என்று கேளுங்கள். வைத்த பிறகு வரும் வீக்கம் படத்தைக் குழப்பும். பித்தத்தில் கிருமி தொற்றிக் குளிர்காய்ச்சல் இருந்தால் மட்டும் சிடிக்காகக் காத்திருக்க முடியாது. ஸ்கேனில் எல்லாம் தெளிவாக இருந்து, பயாப்ஸி இல்லாமலேயே ஆபரேஷன் என்றால் பதறாதீர்கள், அது சரியான வழிதான். வேறு ஊருக்குப் போனால் ரிப்போர்ட்டோடு பிளாக்கையும் (மெழுகில் பதித்த திசு) ஸ்லைடையும் (கண்ணாடியில் ஒட்டிய திசு) கேட்டு வாங்கிப் போங்கள்.

ஒரே ஒரு கெஞ்சல். ஆபரேஷன் டப்பாவை உங்கள் கையில் கொடுத்தால், உறுப்பு முழுக்க ஃபார்மலினில் (திசு கெடாமல் காக்கும் திரவம்) மூழ்கியிருக்கிறதா என்று அங்கேயே கேட்டுவிட்டு, நேராக லேபுக்கு வாருங்கள். காலையில் கொடுத்துக்கொள்ளலாம் என்று வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள். இரவு எட்டு மணி வரை இங்கே ஆள் இருக்கிறோம்.