விளம்பரம் சொன்னது எது, நாமளா சேர்த்துக்கிட்டது எது

நான் 17 வருஷமா மும்பையில விளம்பரங்களுக்கு தமிழ் வசனம் எழுதுறேன். நீங்க டிவியில பாக்குற சோப்பு, பேஸ்ட், பிஸ்கட் விளம்பரம் நிறைய முதல்ல இந்தியில தான் எடுப்பாங்க, அப்புறம் அந்தேரியில ஏதோ ஒரு ஸ்டுடியோவுல தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம்னு வரிசையா டப்பிங் நடக்கும், அந்த நடிகையோட வாயசைவுக்கு உக்கார்ற மாதிரி தமிழ்ல வரி எழுதிக் குடுக்கறது என் வேலை. மொத்தமே 20 செகண்ட் தான், ஆனா ஒரே ஒரு வார்த்தைய மாத்தி மாத்தி ராத்திரி 11 மணி வரைக்கும் உக்காந்திருக்கோம். அதுல எந்த வார்த்தையும் தானா வந்து விழறதில்ல, இதை பிள்ளைங்களுக்கு யாராவது சொல்லணும்னு ரொம்ப நாளா மனசுல இருந்துச்சு.

போன மாசம் சயான்ல அக்கா வீட்டுக்கு போயிருந்தேன். அக்கா பொண்ணு 9வது படிக்கிறா, ஸ்கூல்ல ப்ராஜெக்ட் குடுத்திருக்காங்க, 5 விளம்பரத்த வெட்டி சார்ட்ல ஒட்டி ஒவ்வொண்ணும் எந்த டெக்னிக்க வச்சு நம்மள வாங்க வைக்குதுன்னு எழுதணும். தரையில பேப்பரும் கத்தரிக்கோலுமா பரப்பி வச்சிருந்தா. கிரிக்கெட் ப்ளேயர் படம் இருந்தா செலிபிரிட்டி, கோடி குடும்பங்களின் தேர்வுன்னு இருந்தா பேண்ட்வேகன் (எல்லாரும் வாங்குறாங்க, நீயும் வாங்குங்கிற டெக்னிக்), அம்மா பிள்ளைய கட்டிப்பிடிச்சா எமோஷன்னு ஸ்கெட்ச் பேனால எழுதி அம்புக்குறி போட்டிருந்தா, எல்லாமே சரி தான், மார்க் முழுசா கிடைக்கும். எனக்கு தான் மனசு ஒப்பல. அக்கா மாட்டுங்கா மார்க்கெட் போறப்ப வாங்கிட்டு வர்ற தமிழ் வார இதழ்ல இருந்து ஒரு பேஸ்ட் விளம்பரம் வெட்டியிருந்தா, அதை எடுத்து இது என்ன சொல்லுதுன்னு கேட்டேன். "பல்லுல இருக்கிற கிருமி எல்லாம் செத்துடும்னு சொல்லுது மாமா"ன்னா. திரும்ப படின்னேன். படிச்சா, அதையே சொன்னா. சரி ஒவ்வொரு வார்த்தையா விரல் வச்சு படின்னேன். "கிருமிகளுக்கு எதிராக... 99 சதவீதம்... வரை... பாதுகாக்க... உதவும்." 'வரை'ல விரல் நின்னுடுச்சு. அப்புறம் 'உதவும்'ல. "கொல்லும்னே இதுல இல்லையே மாமா"ன்னு என்ன நிமிந்து பாத்தா பாருங்க, அந்த முகத்த நான் மறக்க மாட்டேன். கொல்லும்னு சேர்த்துக்கிட்டது அவ தானே!

இந்த 'வரை' பத்தி கொஞ்சம் விரிவாவே சொல்றேன், என் கையில தினமும் புழங்குற வார்த்தை. இந்தியில இதுக்கு 'தக்', நம்பருக்கு பின்னாடி டக்குனு முடிஞ்சிடும். தமிழ்லயும் நம்பருக்கு பின்னாடி தான் 'வரை' வரும், ஆனா வார்த்தைங்க நீளம், 'தொண்ணூத்தொம்பது சதவீதம்'னு சொல்லி முடிக்கிறதுக்குள்ள நடிகை வாய மூடிடுவா. அந்த வார்த்தைய விட முடியாது, விட்டா லீகல் டிபார்ட்மெண்ட் ஸ்கிரிப்ட்ட திருப்பி அனுப்பிடும். அதனால என்ன பண்ணுவோம்? வாய்ஸ் குடுக்கிற அம்மாகிட்ட நம்பர நல்லா ஓங்கி சொல்லுங்க, வரைய அப்படியே இறக்கி அடுத்த வார்த்தையோட ஒட்டிடுங்கன்னு சொல்லுவோம். ஒரு தடவ ஒரு கம்பெனிக்காரர், பேர் வேண்டாம், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உக்காந்து 9 டேக் கேட்டாரு, 'வரை' இன்னும் கேக்குது இன்னும் கேக்குதுன்னு. கடைசியா ஓகே ஆன டேக்ல அந்த வார்த்தை ஒரு மூச்சுக்காத்து மாதிரி தான் இருந்துச்சு. சட்டப்படி சொல்லியாச்சு, ஆனா வீட்ல இருக்கிற யார் காதுலயும் விழாது.

டெக்னிக் பேர் தெரிஞ்சிட்டா பிள்ளை ஏமாறாதுன்னு டீச்சர்ஸ் நினைக்கிறாங்க, நான் அப்படி நினைக்கல. பேண்ட்வேகன்னு பேர் எழுதின கையாலேயே அந்த பிஸ்கட்ட வாங்கும். விளம்பரம் பொய் சொல்லி நம்மள புடிக்கிறது கொஞ்சம் தான், பாதி வாக்கியத்த சொல்லிட்டு மீதிய நம்ம கிட்ட விட்டுடும், நாம ஆசையிலயோ பயத்துலயோ அத முடிச்சு வச்சுட்டு அவங்க சொன்னாங்கன்னு நம்பிடுவோம். அதனால அவள ஒரு நோட்டு எடுக்கச் சொல்லி நடுவுல கோடு போடச் சொன்னேன், இடது பக்கம் விளம்பரம் வார்த்தைக்கு வார்த்தை சொன்னது, வலது பக்கம் அவளுக்கு என்ன புரிஞ்சுதோ அது. ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசம் தான் ப்ராஜெக்ட்.

முதல் நாளே வலது பக்கம் நிரம்பி வழிஞ்சுது. 'சாதாரண பவுடரை விட 3 மடங்கு வெண்மை'ன்னு இடது பக்கம், எது சாதாரண பவுடர்? பேர் இல்ல, வலது பக்கம் அவ நம்ம வீட்டு பவுடர்னு எழுதியிருந்தா. 'நம்பர் 1'னு இருந்தா எதுல நம்பர் 1, யார் எண்ணினது, எந்த வருஷம்? அதுக்கு பக்கத்துல எள்ளு மாதிரி ஒரு ஸ்டார் இருக்கும், கீழ பொடி எழுத்துல விளக்கம் ஓடும். எங்க தொழில்ல அதுக்கு சூப்பர்னு பேரு. 2022 ஜூன்ல மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், சிசிபிஏன்னு சொல்றது, தவறான விளம்பரங்கள தடுக்க விதிமுறை கொண்டு வந்தாங்க, அதுல சூப்பர் பத்தி தெளிவா இருக்கு, கிளெய்ம், அதாவது பொருள பத்தி விளம்பரம் சொல்ற பெருமை, எந்த மொழியோ அதே மொழியில விளக்கமும் இருக்கணும், எழுத்தோட ஃபாண்ட்டும் அதே ஃபாண்ட்டா இருக்கணும். இன்னைக்கு ராத்திரி ஒரு தமிழ் சேனல் போட்டு அடியில என்ன மொழி ஓடுதுன்னு பிள்ளைங்களோட உக்காந்து பாருங்க.

வெள்ளைக் கோட்டு போட்டு வர்றவர் பத்தியும் கேட்டா. டாக்டர்கள் ஒரு கம்பெனி பொருள பொதுவுல சிபாரிசு பண்ணக்கூடாதுன்னு மருத்துவ கவுன்சில் விதியே இருக்கு, அதனால கோட்டுக்குள்ள இருக்கிறது பெரும்பாலும் நடிகர் தான்னு சொன்னேன். 2022 மார்ச்சுல சென்சோடைன் விளம்பரத்துக்கு சிசிபிஏ 10 லட்சம் அபராதம் போட்டாங்க, உலகம் பூரா பல் டாக்டர்கள் பரிந்துரைக்கிறாங்கங்கிற கிளெய்முக்கும் உலகத்துலயே நம்பர் 1ங்கிற கிளெய்முக்கும் ஆதாரம் கேட்டப்ப கம்பெனி காட்டினது ரெண்டு மார்க்கெட் சர்வே தான். அத கேட்டதும் நோட்டுல பேஸ்ட் பக்கத்துக்கு போய் வலது பக்கம் சின்னதா ஒரு கேள்விக்குறி போட்டா.

அடுத்தது சமையக்கட்டுல சண்டை. பால்ல கலக்கிற பவுடர் டப்பாவ எடுத்துட்டு வந்துட்டா, அக்காவுக்கு கோவம். "ஏல தம்பி, வளர்ற புள்ளைக்கு பால்ல கலந்து குடுக்கோம், அதுல போயி என்ன கண்டுபிடிக்கப் போறிய"ன்னாங்க. குடுக்காதன்னு நான் சொல்லலக்கா, டப்பாவ திருப்பி மட்டும் பாப்போம்னேன். பாக்கெட்ல சேர்மானங்கள எது அதிகமோ அத முதல்ல எழுதணும்கிறது சட்டம், இது நிறைய பேருக்கு தெரியாது. நாங்க பாத்த டப்பாவுல சர்க்கரை மேலயே இருந்துச்சு, முன்பக்கத்துல பெருசா போட்டிருந்த வைட்டமின் எல்லாம் வரிசையில கடைசிக்கு பக்கத்துல. இதுல ஹெல்த் ட்ரிங்க்னு நாம சொல்றமே, அப்படி ஒரு வகையே உணவுச் சட்டத்துல இல்ல, 2024 ஏப்ரல்ல மத்திய அரசு ஆன்லைன் கடைகளுக்கெல்லாம் அந்த தலைப்புல இருந்து போர்ன்விட்டா மாதிரி பானங்கள எடுத்துடுங்கன்னு சொல்லிடுச்சு. அக்கா டப்பாவ வாங்கி கண்ணாடி போட்டு ஒரு தடவ படிச்சாங்க, ஒண்ணும் சொல்லல, ஆனா அன்னைக்கு ஸ்பூன் பாதி தான் போட்டாங்க.

இதெல்லாம் எனக்கு லேசா தான் இருந்துச்சு. நோட்டு நாலாவது பக்கம் தான் கனம். ஒரு க்ரீம் விளம்பரம், இடது பக்கம் 'பளிச்சென்ற ஜொலிப்பு'ன்னு ரெண்டே வார்த்தை. வலது பக்கம் அவ எழுதியிருந்தது, 'நான் இப்ப இருக்கிற மாதிரி இருந்தா பத்தாது.' எங்க வீட்ல எல்லாருமே கறுப்பு, திருநெல்வேலி பக்கத்து வெயில்ல வந்த நிறம், இங்க ஸ்கூல்ல அவள எப்படி கூப்பிடுறாங்கன்னு அக்கா ஒரு தடவ சொல்லியிருக்காங்க.

அன்னைக்கு நான் அவகிட்ட ஒரு உண்மைய சொன்னேன். நான் வேலைக்கு வந்த புதுசுல ஒரு சோப்பு விளம்பரத்துக்கு 'சிவப்பழகு'ன்னு எழுதியிருக்கேன். தமிழ்ல அந்த வார்த்தைய பேச்சுல யாரும் சொல்றதில்ல, விளம்பரத்துல மட்டும் தான் அது வாழ்ந்துச்சு, அத கேட்டு எத்தனை பொண்ணுங்க கண்ணாடி முன்னாடி நின்னிருப்பாங்கன்னு நினைச்சா எனக்கு இப்பவும் வலிக்குது. 1975ல வந்த ஃபேர் அண்ட் லவ்லி 2020ல க்ளோ அண்ட் லவ்லின்னு பேர் மாறிச்சு. அதுக்கு முன்னாடியே 2014ல ஆஸ்கி, விளம்பரத் தர கவுன்சில்னு ஒரு அமைப்பு, 1985ல இருந்து இங்க மும்பையில தான் இருக்கு, அவங்க ஒரு வழிகாட்டுதல் போட்டாங்க, நிறம் கம்மியா இருக்கிறவங்கள சோகமாவோ வேலை கிடைக்காதவங்களாவோ கல்யாணம் ஆகாதவங்களாவோ காட்டக்கூடாதுன்னு. நல்ல விஷயம் தான். ஆனா சிவப்பு போன இடத்துக்கு 'பளிச்' வந்துடுச்சு, சோக முகம் போன இடத்துக்கு மங்கலான லைட் வந்துடுச்சு. விளம்பரத்த சத்தத்த மியூட் பண்ணி முதல் ஷாட்டையும் கடைசி ஷாட்டையும் நிறுத்தி பக்கத்துல பக்கத்துல வச்சு பாக்கச் சொன்னேன், லைட்ட பாரு, முடிய பாரு, ட்ரெஸ்ஸ பாரு, யார் அவள பாத்து சிரிக்கிறாங்க பாரு. பாத்துட்டு, "க்ரீம் போடாமலே இந்த லைட்டுல நின்னா நானும் இப்படி தெரிவேன்ல மாமா"ன்னா. தெரிவே தான்.

அவள ஒரு சனிக்கிழமை என்கூட ஸ்டுடியோவுக்கு கூட்டிட்டு போனேன், சயான்ல ஏறி தாதர்ல மாறி அந்தேரி, வழி பூரா விளம்பரம் தான். லோக்கல் ட்ரெயின் பெட்டிக்குள்ள கோச்சிங் கிளாஸ் போஸ்டர் இருந்துச்சு, வரிசையா சிரிக்கிற முகம், கீழ ரேங்க். அக்கா அடுத்த வருஷம் இவள சேர்க்கறதுக்கு இப்படி ஒரு இடத்த தான் விசாரிச்சிட்டு இருந்தாங்க. இங்க பெத்தவங்க பயம் தான் சரக்கு, அதனால பெத்தவங்களும் இந்த இடத்த கவனமா படிக்கணும். யூபிஎஸ்சி கோச்சிங்ல டாப்பர் போட்டோ போட்டிருப்பாங்க, விசாரிச்சா அவர் அங்க ஒரு இலவச மாக் இண்டர்வ்யூவுக்கு, அதாவது பயிற்சி நேர்காணலுக்கு, மட்டும் வந்திருப்பாரு, இதை மறைச்சதுக்கே பல சென்டர்களுக்கு சிசிபிஏ அபராதம் போட்டிருக்காங்க. 2024 நவம்பர்ல தனியா விதிமுறையே வந்துச்சு, செலக்ட் ஆனதுக்கு அப்புறம் அந்த மாணவர் எழுத்துல சம்மதம் குடுத்தா தான் போட்டோ போடலாம், அவர் எந்த கோர்ஸ் படிச்சாரு, எவ்வளவு நாள், காசு கட்டி படிச்சாரா இல்லையான்னும் போடணும். நாங்க நின்ன பெட்டியில ஒரு போஸ்டர்ல கூட கோர்ஸ் பேர் இல்ல. அவ போட்டோ புடிச்சு அக்காவுக்கு அனுப்பினா.

ரீல்ஸ் பத்தி ஒரு வார்த்தை. அவளுக்கு புடிச்ச ஒரு பொண்ணு தினமும் முகத்துக்கு சீரம் போடுறா, அது விளம்பரம்னே இவளுக்கு தோணல, கூடப் பொறந்த அக்கா மாதிரி பேசுறாளாம். காசு வாங்கியோ பொருள சும்மா வாங்கியோ பேசினா அத பாக்குறவங்களுக்கு புரியற மாதிரி போடணும்னு 2021ல ஆஸ்கியும் 2023ல அரசும் சொல்லியாச்சு, அந்த ஸ்பான்சர்ட்ங்கிற வார்த்தை எங்க ஒளிஞ்சிருக்குன்னு தேடறது இப்ப அவளுக்கு பழக்கமாயிடுச்சு. ஷாப்பிங் ஆப்ல 'இன்னும் 2 தான் மிச்சம்'னு வந்தாலும் போனை கீழ வச்சுட்டு மறுநாள் காலையில திறந்து பாக்குறா.

ஸ்டுடியோவுல கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உக்காந்து ஒரு டப்பிங் முழுசா பாத்தா. திரும்பி வர்றப்ப ஒண்ணும் பேசல, தாதர் ப்ரிட்ஜ் மேல கூட்டத்துல நடக்கறப்ப திடீர்னு, "தப்பா இருந்தா யார்கிட்ட சொல்றது மாமா"ன்னு கேட்டா. ஆஸ்கிக்கு யார் வேணும்னாலும் புகார் குடுக்கலாம், காசு கிடையாது, வெப்சைட்லயோ வாட்ஸப்லயோ அனுப்பலாம், எந்த சேனல், என்ன தேதி, எத்தனை மணி, என்ன சொன்னாங்க, உனக்கு எது தப்பா படுதுன்னு எழுதணும், பேப்பர்னா போட்டோ. அவங்க கம்பெனிகிட்ட ஆதாரம் கேப்பாங்க. பெரிய அளவுல ஏமாத்து வேலைன்னா சிசிபிஏ இருக்கு, 2019 நுகர்வோர் சட்டப்படி முதல் தடவை 10 லட்சம் வரைக்கும், திரும்ப பண்ணினா 50 லட்சம் வரைக்கும் அபராதம்.

போன ஞாயித்துக்கிழமை அக்கா பேர்ல ஒரு புகார் அனுப்பியிருக்கா. ஒரு பாத்திரம் கழுவுற சோப்பு விளம்பரம், கிளெய்ம் தமிழ்ல, சூப்பர் இங்கிலீஷ்ல, அதுவும் ரெண்டு செகண்ட். போன்ல ரெக்கார்ட் பண்ணி நிறுத்தி நிறுத்தி எழுத்தெண்ணி எழுதியிருந்தா, நான் ஒரு எழுத்துப்பிழை மட்டும் திருத்திக் குடுத்தேன். பதில் இன்னும் வரல, அவ அடுத்து ஷாம்புவுக்கு போயிட்டா.