செல்ஃப் அடிக்காதீங்க அண்ணாச்சி

ஐப்பசி பிறந்துவிட்டால் பாளையங்கோட்டையில் உள்ள எங்கள் பட்டறையில் ஒரு மூலையைக் காலி செய்து வைத்துவிடுவோம். தண்ணீர் குடித்த வண்டிகளுக்கான இடம் அது. சின்ன கார்கள்தான் அதிகம் வரும் என்று நினைப்பீர்கள். இல்லை, இப்போதெல்லாம் அதிகம் வருவது ஜீப் வகைகள்தான். சின்ன கார்க்காரர் தரைப்பாலத்தில் தண்ணீரைக் கண்டதும் பயந்து திரும்பிவிடுகிறார். ஜீப்காரருக்குத்தான் தைரியம்!

"அண்ணாச்சி, நாலு சக்கரமும் இழுக்குற ஃபோர் வீல்ல போட்டுத்தான் போனேன், நடுவுல நின்னுட்டு." இதை எத்தனை முறை கேட்டிருப்பேனோ. அடுத்து நான் கேட்பது ஒன்றுதான்: "நின்ன பிறகு செல்ஃப் அடிச்சீங்களா?" அதாவது, சாவியைத் திருகி மறுபடி ஸ்டார்ட் செய்து பார்த்தீர்களா என்று. பதில் வராது. தலையைச் சொறிவார்கள்.

விஷயம் இதுதான். 2.2 லிட்டர் டீசல் இன்ஜினில் ஒரு பிஸ்டன் உச்சிக்கு வந்து நிற்கும்போது, அதற்கு மேலே மிச்சமிருக்கும் இடம் சுமார் 35 மில்லிதான். பிள்ளைக்கு மருந்து புகட்டும் சங்கில் இரண்டு மூன்று சங்கு. காற்று அந்த இடத்துக்குள் அமுங்கிவிடும், தண்ணீர் அமுங்காது. ஏர் ஃபில்டர் வழியாக அதைவிட அதிகத் தண்ணீர் உள்ளே போயிருந்து, நீங்கள் செல்ஃபை அடித்தால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைகிறது. ஓடிக்கொண்டிருந்த வேகத்தில் உறிஞ்சியிருந்தால் பிளாக்கையே உடைத்துக்கொண்டு வெளியே வந்துவிடும்.

தண்ணீரில் வண்டி நின்றுபோனால் சாவியை ஆஃப் செய்துவிடுங்கள். நியூட்ரலில் போட்டு இழுத்து வெளியே கொண்டுவாருங்கள். மெக்கானிக் இன்ஜெக்டர்களைக் கழற்றிவிட்டு இன்ஜினைச் சுற்றினால் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வெளியேறிவிடும். அப்போது செலவு ஆயிரங்களில் முடியும், இல்லையென்றால் லட்சம். 'இன்ஜின் பாதுகாப்பு' என்று தனியாக எடுக்காத இன்சூரன்ஸில் இந்தச் செலவு பொதுவாக வராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2023 டிசம்பர் வெள்ளத்துக்கு அப்புறம், வீட்டு வாசலில் நிறுத்தியிருந்தபடியே முழுகிய வண்டிகளையும் சிலர் இப்படித்தான் 'சும்மா பார்ப்போமே' என்று ஸ்டார்ட் செய்து கெடுத்தார்கள்.

சரி, போயே ஆகவேண்டும் என்றால்? தார் ஜீப் 650 மில்லிமீட்டர், கூர்க்கா ஜீப் 700 மில்லிமீட்டர் ஆழத் தண்ணீரில் போகும் என்று கம்பெனி சொல்லும் அளவு, நிற்கிற தண்ணீருக்கும் கெட்டித் தரைக்கும் பொருந்தும். தாமிரபரணியோ பச்சையாறோ பாய்கிற தரைப்பாலத்துக்குப் பொருந்தாது. வண்டியின் அடித்தளத்தை 4 சதுர மீட்டர் என்று வையுங்கள். அதற்கு மேல் தண்ணீர் 30 சென்டிமீட்டர் ஏறினால், உள்ளே தண்ணீர் புகும்வரை 1,200 கிலோ எடையை ஆறு தூக்கிக்கொள்கிறது. ஒன்றே முக்கால் டன் வண்டி அரை டன் ஆகிவிட்டது. டயருக்குப் பிடி ஏது? ஃபோர் வீல் இருந்து என்ன செய்ய! ஓடுகிற தண்ணீர் முழங்காலுக்கு வந்தால் நான் திரும்பிவிடுவேன். கூரை உயரத்திலிருந்து காற்றை இழுக்கும் ஸ்நார்கெல் குழாய் மாட்டிய வண்டியானாலும் அப்படித்தான். அது இன்ஜினுக்கு மூச்சு கொடுக்கும், அவ்வளவுதான். வண்டியை ஆறு தள்ளாமல் பிடித்து வைக்காது.

ஊரில் மழை இல்லையே என்பதும் ஒரு கணக்கல்ல. மேலே மாஞ்சோலைப் பக்கம் கொட்டி, பாபநாசம், மணிமுத்தாறு அணைகளில் தண்ணீர் திறந்தால் இங்கே வெயிலடிக்கும்போதே ஆறு ஏறும். குறுக்குத்துறை முருகன் கோயிலைத் தண்ணீர் சூழ்ந்துவிட்டது என்று கேள்விப்பட்டால் தரைப்பாலத்துப் பக்கமே நான் போவதில்லை.

நிற்கிற தண்ணீர், அதாவது குளத்தங்கரை ரோடு, ரயில்வே சுரங்கப்பாதை என்றால் முதலில் ஒருவர் கம்போடு நடந்து பார்க்கட்டும். கண்ணாடியை இறக்கி, ஏசியை அணைத்து, மெதுவாக, பலமாக இழுக்கும் லோ ரேஞ்சில் இரண்டாவது கியர். மனிதர் வேகமாக நடக்கும் வேகம் போதும். முன்னால் ஒரு அலை எழும்பும், அதன் பின்னாலேயே போனால் பானெட்டுக்குள் தண்ணீர் மட்டம் சற்றுத் தாழ்வாக இருக்கும். நடுவில் கியர் மாற்றவோ கிளட்சை மிதிக்கவோ வேண்டாம். எதிரே ஒரு லாரி வந்தால் அதைப் போகவிட்டு அப்புறம் இறங்குங்கள். அது கிளப்பும் அலை உங்கள் ஏர் ஃபில்டர்வரை வரும்.

கரையேறிய பின் பிரேக்கை லேசாக மிதித்தபடி கொஞ்ச தூரம் ஓட்டினால் ஈரம் காயும். கடைசியாக, பலர் மறப்பது: ஓடிச் சூடான ஆக்ஸில், அதாவது இரண்டு சக்கரங்களுக்கு நடுவே இருக்கும் அச்சுப் பகுதி, குளிர்ந்த தண்ணீரில் இறங்கியதும் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை இழுக்கும். வண்டி நன்றாகத்தான் ஓடும். ஒரு வாரத்துக்குள் அந்த ஆக்ஸிலுக்குள் இருக்கும் கிரவுன் ஆயிலைத் திறந்து பாருங்கள். பால் காபி நிறத்தில் இருந்தால் மாற்றிவிடுங்கள்.