நாக் அவுட் என்றால் ‘வெளியேற்றம்’ அல்ல

கறுப்பினத்தவரில் முதல் ஹெவிவெயிட் உலக சாம்பியனான ஜாக் ஜான்சனைப் பற்றி ஒரு தமிழ்க் காணொளி பார்த்தேன். 1915 ஏப்ரல் 5 அன்று ஹவானாவில் ஜெஸ் வில்லார்டிடம் அவர் பட்டத்தை இழந்த இடம் வந்தது. ‘26-ஆவது சுற்றில் வில்லார்ட் அவரை வெளியேற்றினார்’ என்றது குரல். எத்தனையாவது முறையோ இந்த ‘வெளியேற்றினார்’! திரையில் இருந்த படத்தில் ஜான்சன் மல்லாந்து கிடக்கிறார். கையுறை போட்ட கையைத் தூக்கி, முகத்தில் வெயில் படாமல் மறைப்பதுபோல் வைத்திருக்கிறார். ஆள் மேடையிலேயே கிடக்க, எங்கே வெளியேறினார்?

கிரிக்கெட்டில் அவுட் ஆனவர் வெளியே நடப்பதைப் பார்த்துப் பழகிவிட்டோம். குத்துச்சண்டையின் ‘அவுட்’, ‘அவுட் ஆஃப் டைம்’ என்பதன் சுருக்கம். பழைய சண்டைகளில் ‘டைம்’ என்று குரல் கொடுத்ததும் வந்து நிற்க முடியாதவர் தோற்றவர். 1867-இல் வந்த குவீன்ஸ்பெரி விதிகள், விழுந்தவர் எழப் பத்து விநாடி என்று வைத்தன. நேரத்துக்குள் எழ முடியாமல் அடிப்பதுதான் நாக் அவுட்.

போட்டித்தொடரில் ‘வெளியேற்றுச் சுற்று’ என்பது சரி. தோற்ற அணி ஊருக்குக் கிளம்பிவிடுகிறது. அதே சொல்லைக் குத்துச்சண்டைக்கு இழுத்து வந்தால், நடந்தது என்னவென்றே தெரியாமல் போகிறது. ஜான்சனையே எடுத்துக்கொள்ளுங்கள். 1908 டிசம்பர் 26, சிட்னி: அப்போதைய சாம்பியன் டாமி பர்ன்ஸ் ஜான்சனிடம் அடிவாங்கிக்கொண்டிருந்தபோது 14-ஆவது சுற்றில் போலீஸ் சண்டையை நிறுத்தியது. 1910 ஜூலை 4, ரெனோ: 15-ஆவது சுற்றில் முன்னாள் சாம்பியன் ஜெஃப்ரீஸ் விழுந்து எழுந்து மறுபடி விழுந்தார், நாக் அவுட் ஆகிவிடக் கூடாதென்று அவருடைய ஆட்களே குறுக்கே வந்து முடித்துவைத்தார்கள். ஹவானாவில் நடந்ததுதான் முழு நாக் அவுட். மூன்றுக்கும் ‘வெளியேற்றினார்’ என்றே எழுதினால் படிப்பவருக்கு என்ன புரியும்?

‘டெக்னிக்கல் நாக் அவுட்’டை ‘தொழில்நுட்ப வெளியேற்றம்’ என்று எழுதுவதைப் பார்த்தால் இன்னும் கோபம் வருகிறது. அடி தாங்காதவரைக் காப்பாற்ற நடுவர் சண்டையை நிறுத்துவதில் என்ன தொழில்நுட்பம்? ‘நிறுத்த வெற்றி’ என்றால் போதுமே. அகராதியில் முதலில் கண்ணில் பட்ட பொருளை எடுத்து ஒட்டுகிறார்கள். ஒரு சண்டையை முழுதாகப் பார்த்துவிட்டு மொழிபெயர்த்தால் இந்தச் சொல் வந்திருக்காது.

‘வீழ்த்துதல்’ என்பதையும் ஏற்க மாட்டேன். விழுந்தவர் பத்து எண்ணுவதற்குள் எழுந்து சண்டையை வெல்வதும் உண்டு. அந்தச் சொல்லை அதற்கு விட்டுவைக்க வேண்டும். ‘ஒரே குத்துல ஆளைச் சாய்ச்சுட்டான்’ என்று தெருவிலேயே சொல்கிறோம். அதிலிருந்து ‘சாய்ப்பு’ என்று எடுக்கலாம். கூரைச் சாய்ப்பு ஒன்று இருக்கிறதுதான். குத்துச்சண்டைச் செய்தியில் அதோடு யாரும் குழப்பிக்கொள்ள மாட்டார்கள். சாய்ப்பு பிடிக்காவிட்டால் நாக் அவுட் என்றே எழுதுங்கள், அதுவாவது பொய் சொல்லாது.

அந்தப் படத்துக்கு நான் எழுதுவது இது: ‘26-ஆவது சுற்றில் வில்லார்ட் சாய்த்தார், பத்து எண்ணியும் ஜான்சன் எழவில்லை.’