வழக்கமாக நடப்பது ஏன் கண்ணில் படுவதில்லை?

வேலை முடிந்து வீடு திரும்புகிறோம். துவைத்த துணிகள் மடித்து அலமாரியில் அடுக்கப்பட்டிருந்தால் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. நாற்காலியில் குவிந்து கிடந்தாலோ, செருப்பைக் கழற்றுவதற்குள் கண் அங்கே போய்விடுகிறது. தாய், தந்தை இருவரும் வேலைக்குப் போகும் வீடுகளில் பல மனத்தாங்கல்கள் இப்படித்தான் தொடங்குகின்றன. நன்றிகெட்டதனம் என்று கோபப்படுவது எளிது. ஆனால் மூளை எதைச் செய்தியாகக் கருதுகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற நரம்பியல் அறிஞர், மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்களைக் குரங்குகளிடம் ஆராய்ந்தார். எதிர்பாராமல் ஒரு துளி பழச்சாறு கிடைத்தபோது அந்த அணுக்கள் வேகமாகத் துடித்தன. விளக்கொளி போன்ற ஒரு குறிப்புக்குப் பிறகு சாறு வரும் என்று குரங்கு பழகிய பின்னர், குறிப்பைக் கண்டதும் துடித்தன. சாறு வந்தபோது சும்மா இருந்தன. வர வேண்டிய நேரத்தில் சாறு வராவிட்டால், துடிப்பு வழக்கத்தைவிடத் தாழ்ந்தது. 1997-இல் அவரும் பீட்டர் டயான், ரீட் மாண்டேக் ஆகியோரும் வெளியிட்ட கட்டுரை இதைக் கணிப்புப் பிழை என்று விளக்கியது. கிடைத்ததற்கும் எதிர்பார்த்ததற்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் அந்த அணுக்கள் அறிவிக்கின்றன. குரங்கின் பழச்சாற்றிலிருந்து குடும்பத்துக்கு ஒரே தாவலில் போய்விட முடியாதுதான். ஆனாலும் தினமும் ஒழுங்காக நடக்கும் வேலை ஏன் மறைந்துபோகிறது, ஒரு நாள் தவறினால் ஏன் பூதாகரமாகத் தெரிகிறது என்பதற்கு இதில் நல்ல துப்பு இருக்கிறது.

இன்னொரு கோளாறு ஞாபகத்தில். மைக்கேல் ராஸ், ஃபியோரே சிகோலி என்ற உளவியலாளர்கள் 1979-இல் வெளியிட்ட ஆய்வில், கணவன் மனைவியரிடம் வீட்டுப் பொறுப்புகளில் தம் பங்கு எவ்வளவு என்று தனித்தனியே கேட்டார்கள். இருவர் சொன்னதையும் கூட்டினால் பெரும்பாலும் முழுப் பங்கையும் தாண்டியது. நான் செய்ததை நான் கூடவே இருந்து பார்த்தேன். மற்றவர் செய்ததில் பாதி என் கண்ணுக்கு அப்பால் நடந்தது. யாரும் பொய் சொல்ல வேண்டியதே இல்லை, கணக்கு தானாகவே பிசகிவிடும்.

கண்ணுக்கே தெரியாத வேலையானால் கேட்கவே வேண்டாம். சமூகவியலாளர் அலிசன் டாமிங்கர் 2019-இல் இந்த மன உழைப்பை நான்கு படிகளாகப் பிரித்தார்: தேவையை முன்கூட்டி உணர்தல், வழிகளைத் தேடுதல், முடிவெடுத்தல், பிறகு கண்காணித்தல். குழந்தையின் பள்ளிக் காலணியையே எடுத்துக்கொள்ளுங்கள். மாலையில் அவன் குதிகாலை வெளியே விட்டபடி நடப்பதை ஒருவர் கவனிக்கிறார். கட்டைவிரலால் முனையை அழுத்திப் பார்க்கிறார்; இடமே இல்லை. அடுத்த அளவு போதுமா, பருவத்தேர்வுக்கு முன் வாங்கிவிடலாமா என்று அலுவலகக் கூட்டத்தின் நடுவே யோசிக்கிறார். புதியது வந்த பிறகும் கடிக்கிறதா என்று ஒரு வாரம் பாதத்தைப் பார்க்கிறார். கடைக்குப் போய்வந்தது துணைவர் என்றால், பாராட்டு அவருக்குத்தான் கிடைக்கும். பையைத் தூக்கி வந்தவர் அவரல்லவா!

அதற்காக ஒவ்வொரு தம்ளர் தண்ணீருக்கும் நன்றி சொல்ல வேண்டுமா? தேவையில்லை. சிமியன் ஃபிலாய்டும் உடன் ஆய்வாளர்களும் எட்டு மொழிகளின் அன்றாடப் பேச்சைப் பதிவுசெய்து 2018-இல் வெளியிட்ட ஆய்வில், கேட்ட சிறு உதவி கிடைத்தபோது மக்கள் நன்றி சொன்னது சுமார் இருபதில் ஒரு தடவைதான். நெருங்கியவர்களிடையே உதவி இயல்பான எதிர்பார்ப்பு. அங்கே மௌனத்தை உதாசீனம் என்று படிக்க வேண்டியதில்லை.

சொல்லும்போது எதைச் சொல்கிறோம் என்பது முக்கியம். சாரா ஆல்கோ குழுவினர் 2016-இல் தம்பதியரின் பேச்சை ஆராய்ந்து இரண்டு வகைகளைப் பிரித்தார்கள். "எனக்கு ஓர் அலைச்சல் மிச்சம்" என்பது என் லாபத்தைச் சொல்கிறது. "அவன் கால் வலிப்பதைக் கவனித்தது நீதான்" என்பது செய்தவரைச் சொல்கிறது. கேட்பவரின் மனநிறைவோடு சேர்ந்து வந்தது இந்த இரண்டாவது வகைதான்.

நன்றியுணர்வு எதிர்பார்ப்பின் மட்டத்தைப் பொறுத்தது என்றால், அந்த மட்டத்தை யார் வைத்தது என்ற கேள்வி வருகிறது. எனக்கு இதுதான் கட்டுரையின் முக்கியமான இடம். சமூகவியலாளர் ஆர்லி ஹாக்‌ஷீல்ட் 1980-களின் இறுதியில் 'நன்றியின் பொருளாதாரம்' என்று பெயரிட்டு இதைத்தான் ஆராய்ந்தார். எதிர்பார்ப்புக்கு மேல் கிடைப்பது மட்டுமே பரிசாகத் தெரிகிறது. எது எதிர்பார்ப்பு, எது உபரி என்பதை ஆண் வேலை, பெண் வேலை பற்றிய எண்ணங்கள் முன்பே தீர்மானித்துவிடுகின்றன. வீட்டு வேலை மனைவியுடையது என்று நினைக்கும் வீட்டில், கணவன் ஞாயிற்றுக்கிழமை பாத்திரம் கழுவினால் அது பரிசு. திங்கள் முதல் சனி வரை அவள் கழுவியது கணக்கிலேயே ஏறாது. அந்த வேலையை இருவரும் முறைபோட்டுப் பிரித்துக்கொண்ட வீட்டில், பாத்திரத்துக்காக யாரும் யாருக்கும் நன்றி சொல்லாமலே வாரம் ஓடிவிடலாம். அது ஒரு குறையாகவும் தோன்றாது.