உள்ளங்கை ரேகை கறுக்கும்போது

பல மாதக் களைப்பு என்று வருகிறவரிடம் உள்ளங்கையை விரித்துக் காட்டச் சொல்வது என் வழக்கம். ரேகைகள் கறுத்திருக்கின்றனவா என்று பார்ப்பேன். பிறகு ஈறுகள், பழைய தழும்புகள். வெயில் படாத இடங்களிலும் கருமை படர்ந்திருந்தால் அட்ரீனல் சுரப்பிகளைச் சந்தேகிக்க வேண்டும்.

சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் இவை, நோய் போன்ற நெருக்கடிகளில் உடலைத் தாங்கும் கார்ட்டிசால் என்ற ஹார்மோனையும், உடலில் உப்பைத் தக்கவைக்கும் ஆல்டோஸ்டிரோனையும் சுரக்கின்றன. நோய் எதிர்ப்பு மண்டலமே இவற்றைத் தாக்கி அழிப்பதுண்டு, காசநோயும் அழிக்கும். 1855இல் இதை விவரித்த தாமஸ் அடிசன் பெயரால் அடிசன் நோய் என்கிறோம்.

எடை குறையும், பசி போகும், எழுந்து நின்றால் தலை சுற்றும். "யாரும் பார்க்காதபோது வெறும் உப்பை அள்ளித் தின்கிறாள்" என்று ஒரு தாய் கூச்சத்தோடு சொன்னார். அதுவரை மனச்சோர்வு என்று மருந்து சாப்பிட்டுவந்த பெண் அவள். ரத்தத்தில் சோடியம் குறைந்தும் பொட்டாசியம் கூடியும் இருந்தன. காலை எட்டு மணிக்கு எடுத்த கார்ட்டிசால் மிகக் குறைவு.

சிகிச்சை எளிது: கார்ட்டிசாலுக்கு ஈடாக ஹைட்ரோகார்ட்டிசோன் நாளுக்கு 15 முதல் 25 மில்லிகிராம், இரண்டு மூன்று வேளையாகப் பிரித்து, கூடவே ஆல்டோஸ்டிரோனுக்கு ஈடாக ஃப்ளூட்ரோகார்ட்டிசோன். ஆயுள் முழுவதும் தேவை. இவை ஸ்டீராய்டு மருந்துகள். அந்தச் சொல்லுக்கே அஞ்சி நிறுத்திவிடுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்குப் பதறுகிறது. உடல் தானே சுரக்க வேண்டியதைத்தான் அளவோடு தருகிறோம்.

காய்ச்சல் வந்தால் ஆரோக்கியமான சுரப்பி தானாகவே அதிகம் சுரக்கும். இவர்களுக்கு அது நடக்காது. ஆகவே காய்ச்சல் நாட்களில் மருத்துவர் சொல்லிவைத்தபடி மாத்திரையை இரண்டு மூன்று மடங்காக்க வேண்டும். வாந்தியால் மாத்திரை வயிற்றில் தங்காவிட்டால் காத்திருக்கக் கூடாது. 100 மில்லிகிராம் ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி போட்டு உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். தாமதித்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிர் போகலாம். ஊசி போட வீட்டில் ஒருவராவது கற்றிருக்கட்டும். நோயின் பெயர் எழுதிய அட்டை எப்போதும் பையில் இருக்கட்டும்.

மூட்டுவலிக்கோ ஆஸ்துமாவுக்கோ நீண்ட நாள் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டுத் திடீரென நிறுத்தியவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு. சுரப்பி அதற்குள் உறங்கிப்போயிருக்கும். ஆனால் இவர்களுக்குத் தோல் கறுக்காது, உள்ளங்கை எதையும் காட்டாது. என்னென்ன மாத்திரை சாப்பிட்டீர்கள், எப்போது நிறுத்தினீர்கள் என்று நான்தான் கேட்டாக வேண்டும். கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்.